நாலாம் நம்பர் ஜெர்சி

டாக்டர் சொல்வதை நான் நம்புவதில்லை. பேப்பர்காரன் எழுதுவதை நம்புவதில்லை. கிளப் ஆபீஸ் வாசலில் ஒட்டுகிற அறிவிப்பை நம்பவே மாட்டேன். 'சிறு காயம்' என்று போட்டிருந்தால் எலும்பு முறிந்திருக்கிறது என்று அர்த்தம். 'ஓய்வில் இருக்கிறார்' என்றால் ஆள் கட்டிலோடு கிடக்கிறான். நான் நம்புவது அழுக்குத் துணியை மட்டும்தான்.

லாண்டரியில் முப்பத்தொன்பது வருஷமாக அழுக்குத் துணி பிரிக்கிறேன். ஹோட்டல் படுக்கை விரிப்பு வரும், ஆஸ்பத்திரிப் போர்வை வரும், செவ்வாயும் வியாழனும் எங்கள் ஃபுட்பால் டீமின் மூட்டை வரும். ஒவ்வொரு ஜெர்சியையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்துத்தான் தொட்டியில் போட வேண்டும். திருப்பினால் எல்லாம் தெரிந்துவிடும். நன்றாக ஓடினவன் ஜெர்சியில் கழுத்துக்குக் கீழே வியர்வை உப்பு வெள்ளைக் கோடாகக் காய்ந்திருக்கும். ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவனுடையது அலமாரி வாசனையோடு அப்படியே வரும். யாருக்கு எங்கே வலி என்று அவனவன் பெண்டாட்டிக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் மூட்டையைப் பிரித்தேன். கோல்கீப்பர் ஜெர்சியின் வலது கையைக் கத்தரியால் வெட்டியிருந்தார்கள். கை வீங்கிப்போய்க் கழற்ற முடியாவிட்டால்தான் அப்படி வெட்டுவார்கள். லெஃப்ட் பேக்கின் ஷார்ட்ஸில் தொடைப் பக்கம் தைல நெடி கண்ணைக் கரித்தது. 'மூங்கில்' என்று நாங்கள் கூப்பிடுகிற நெட்டையனுடைய மூன்று துண்டுகளிலும் மூக்கு ரத்தம். ஒன்பதாம் நம்பருக்கு ஒரே ஒரு சாக்ஸ்தான் வந்திருந்தது. மாவுக்கட்டு போட்ட காலுக்கு சாக்ஸ் எதற்கு? நாலாம் நம்பர் ஜெர்சி மூட்டையிலேயே இல்லை.

இஸ்திரிக்காரர் எட்டிப் பார்த்தார். மைதானத்தில் எனக்குப் பக்கத்து சீட் அவருக்கு. வாய் கொஞ்சம் நீளம்.

"என்ன பெரியவரே, ஆஸ்பத்திரி மூட்டையைத் தப்பாப் பிரிச்சுட்டீங்களா?"

"இல்லய்யா. நம்ம டீம் மூட்டைதான்."

"பேசாம ஆம்புலன்ஸ் டிரைவரை கேப்டனாப் போடச் சொல்லுங்க. அவர்தான் நல்லா ஓடறாரு."

வேறு நாளாக இருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். எங்கள் டீம் முதல் டிவிஷனின் அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை கடைசி ஆட்டம். டிரா செய்தால்கூடப் பிழைத்துக்கொள்வோம். தோற்றால் இரண்டாம் டிவிஷன். அங்கே இறங்கினால் டீமையே கலைத்துவிடுவேன் என்று முதலாளி ரேடியோவில் சொல்லிவிட்டார். பெயிண்ட் வியாபாரி அவர். வேறு எதிலும் அவர் வார்த்தையை நம்பாதவன் நான். இதில் நம்பினேன். கெட்டதைச் சொல்லும்போது பணக்காரர்கள் பொய் சொல்வதில்லை.

எனக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. சீட்டாட மாட்டேன், குடிக்க மாட்டேன், கோயில் குளம் என்று போக மாட்டேன். மனைவி போய்ப் பதினோரு வருஷம். அவள் இருந்தபோதும் சனிக்கிழமை மத்தியானம் நான் மைதானத்தில்தான் கிடப்பேன். டீம் இல்லாத ஒரு சனிக்கிழமையை யோசித்துப் பார்த்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஒரு கிழவன்தான் கண்ணுக்குத் தெரிந்தான்.

நாலாம் நம்பர் என் மாப்பிள்ளை. ஒரே மகளின் புருஷன். கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஆள். மைதானத்தில் "டேய், தூக்கி அடிடா" என்று தொண்டை கிழியக் கத்துவேன். வீட்டில் "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க" என்பேன். இரண்டையும் ஒரே சிரிப்போடு வாங்கிக்கொள்கிற மனுஷர். மற்ற நாட்களில் மருந்துக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ஆட்டத்தில் அவர் இடது முட்டி முறுக்கிக்கொண்டது. ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது, மூன்று மாசம் ஓடக் கூடாது, இன்னொரு தடவை முறுக்கினால் மாடிப்படிகூட ஏற முடியாது என்று டாக்டர் ஸ்கேன் படத்தைத் தூக்கிக் காட்டிச் சொன்னாராம். அவர்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி. வேனில் கிளட்ச் மிதிப்பதும் இடது கால்தான்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மகள் லாண்டரி கேட்டுக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கொடுக்கிற வேலை அவளுக்கு. யூனிஃபார்மோடு வந்து நின்றாள்.

"சாப்டீங்களாப்பா?"

"நீ இந்நேரத்துக்கு இங்க வந்து நின்னா சாப்பாடு எங்க இறங்கும்? விஷயத்தைச் சொல்லு."

"அவருக்குக் கால் சரியாயிடுச்சாம். வேற டாக்டர்கிட்ட காட்டினாராம். தாராளமா ஆடலாம்னு சொல்லிட்டாராம்."

"எந்த டாக்டர்?"

"அதைக் கேட்டாத்தான் கோவம் வருதே." அவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு பிராக்டிஸுக்குப் போறாரு. துணி உங்ககிட்டதானே வரும்? பார்த்துச் சொல்லுங்க. நிஜமா ஓடியிருந்தா ஆடட்டும், நான் வாயே திறக்கல. ஓடலைன்னா சனிக்கிழமை வாசப்படியில படுத்துடுவேன். என்னை மிதிச்சுக்கிட்டுத்தான் வெளிய போகணும்."

"என் பேச்சை நம்பறியா?"

"உங்க பேச்சை யாருப்பா நம்புவா? உங்க கண்ணை நம்பறேன்."

போய்விட்டாள். என்னைவிட அதிகமாகச் சந்தேகப்படுகிறவள் அவள். என் ரத்தம். அப்படிப்பட்டவள் என்னை நம்பிவிட்டுப் போகிறாளே என்று பெருமையாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் மூட்டை வந்தது. கயிற்றை அவிழ்த்தேன். நாலாம் நம்பர் ஜெர்சி மேலேயே இருந்தது. சேறு! மார்பில் சேறு, முதுகில் சேறு, ஷார்ட்ஸில் சேறு. விழுந்து புரண்டு ஆடின ஜெர்சி. அதை இரண்டு கையாலும் தூக்கி இஸ்திரிக்காரருக்குக் காட்டினேன்.

"பாருய்யா! ஆள் இறங்கிட்டாரு!"

"அப்போ டிரா உறுதிங்கறீங்களா?"

"டிரா என்ன டிரா? ஜெயிக்கிறோம்."

ஈரச் சேற்றை உதறினால் அது நூலுக்குள் இறங்கிவிடும். அதனால் கம்பியில் காயப்போட்டு மறுநாள் காலையில்தான் உதறுவோம். அப்படியே மாட்டினேன். உள்பக்கம் திருப்பவில்லை. முப்பத்தொன்பது வருஷத்தில் ஒரு துணியைத் திருப்பாமல் நான் முடிவு சொன்னது அன்றைக்கு ஒரு நாள்தான். கையும் காலும் நிற்கவில்லை, என்ன செய்ய. ஆபீஸ் போனில் மகளைக் கூப்பிட்டேன்.

"நல்லா ஓடியிருக்காரும்மா. துணி பூரா சேறு."

அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "நல்லாப் பார்த்தீங்களாப்பா?"

"நான் பாக்காம சொல்லுவனா?"

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஜெர்சியைக் கம்பியிலிருந்து எடுத்து உதறினேன். காய்ந்த சேறு ஓடு ஓடாக விழுந்தது. பிறகு உள்பக்கம் திருப்பினேன்.

ஒன்றுமில்லை. கழுத்தில் உப்புக் கோடு இல்லை. அக்குளில் ஈரம் பட்ட தடம்கூட இல்லை. நான் போன வாரம் போட்ட சோப்பு வாசனை அப்படியே இருந்தது. வெளிப்பக்கம் திருப்பி முதுகைப் பார்த்தேன். சேறு விலகின இடத்தில் நாலு விரல் இழுத்த தடம். விழுந்து புரண்டவன் முதுகில் விரல் தடம் எப்படி வரும்? கையால் அள்ளிப் பூசியிருக்கிறார். நான் துணியைப் பார்ப்பேன் என்று தெரிந்து, எனக்காகவே பூசி அனுப்பியிருக்கிறார்.

ஊர் உலகத்தில் ஒருத்தனையும் நம்பாதவன் காதில், வீட்டு மாப்பிள்ளை பூச்சுற்றிவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் மைதானத்துக்கு நடந்தேன். இருபது நிமிஷ நடை. மாப்பிள்ளை பார்வையாளர் படியில் இடது காலை நீட்டி உட்கார்ந்து, மற்றவர்கள் பந்து அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே விஷயம் முடிந்துபோனது.

"வாங்க மாமா. கண்டுபிடிச்சுட்டீங்களா?"

"நாப்பது வருஷமா அழுக்குத் துணியோட பொழைக்கிறவன்கிட்ட சேறு பூசிக் காட்டறீங்களே மாப்பிள்ளை, நியாயமா?"

"நேத்தே கண்டுபிடிப்பீங்கன்னு நெனச்சேன். பயந்துக்கிட்டே இருந்தேன். அவகிட்ட நீங்க போன் பண்ணிச் சொன்னதும் எனக்கே ஆச்சரியம்."

எனக்குச் சுருக்கென்றது. "கால் எப்படி இருக்கு?"

"நடக்கறேன். திரும்பினா பிடிக்குது."

"திரும்பாம ஃபுட்பால் ஆட முடியுமா?"

"மூங்கில் இல்ல, லெஃப்ட் பேக் இல்ல, கீப்பர் கை வீங்கிக் கெடக்கு. நானும் இல்லைன்னா கோலுக்கு முன்னாடி யாரு நிப்பா? நீங்களே சொல்லுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல சாப்பிடும்போது என்ன சொன்னீங்க மாமா? 'நீங்க இல்லைன்னா டீமும் இல்ல, நானும் இல்ல'ன்னு என்கிட்ட சொன்னீங்களா இல்லையா?"

சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன். பேச்சுவாக்கில் சொன்னதில்லை, மனசாரச் சொன்னது.

"அவ கேட்டா நான் என்ன சொல்றது?"

"நீங்கதான் சொல்லிட்டீங்களே. இனி எதுக்குக் கேக்கப் போறா?"

திரும்பி நடந்தேன். வழி முழுக்க எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். ஒரு ஆட்டம்தானே. தொண்ணூறு நிமிஷம்தானே. டாக்டர் சொல்வதையெல்லாம் நான் எப்போது நம்பியிருக்கிறேன்? முப்பது வயசுக்காரனுக்கு ஜவ்வு தானாகக் கூடிவிடாதா? லாண்டரி வாசலில் இஸ்திரிக்காரர் நின்றிருந்தார்.

"மாப்பிள்ளை ரெடிதானே?"

"ரெடி."

சாயங்காலம் மகள் போன் செய்தாள். குரலில் அவ்வளவு தெளிவு. "நாளைக்கு லீவு போட்டுட்டேன்பா. நானும் ஆட்டம் பாக்க வர்றேன். எந்தப் பக்கம் உக்காருவீங்க?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. "மேற்குப் பக்கம். ஏழாவது வரிசை," என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குத் துவைத்துத் தேய்த்த செட்டை நானே கொண்டுபோனேன். டிரெஸ்ஸிங் ரூம் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மாப்பிள்ளை மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து இடது காலுக்கு சாக்ஸ் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மடங்கவில்லை. தொடைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து, மூட்டையைத் தூக்குகிறமாதிரி காலைத் தூக்கி எதிர் பெஞ்சில் வைத்தார். வைத்துவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். சத்தமே வரவில்லை. மைதானத்தில் யாராவது லேசாக இடித்தால்கூட நடுவருக்குக் கேட்கிறமாதிரி அலறுகிற ஆள் அவர்.

நான் உள்ளே போகவில்லை. மூட்டையை வாசலில் வைத்துவிட்டு கோச்சைத் தேடிப் போனேன். கோச் வராந்தாவில் நின்று ஒரு காகிதத்தில் பெயர்களை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தார்.

"சார், நாலாம் நம்பரால கால மடக்கக்கூட முடியல."

"தெரியும் பெரியவரே."

"தெரியுமா?"

"ரெண்டரை மணிக்கு ஊசி போடறோம். மூணு மணி நேரம் வலி தெரியாது."

"வலி தெரியாம இருந்தா ஜவ்வு கிழியாம இருக்குமா?"

கோச் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. "வேற ஆள் இருந்தா நீங்களே கொண்டாங்க. பந்து பொறுக்கிப் போடறவங்களைத் தவிர எல்லாரையும் எழுதிப் பாத்துட்டேன். தோத்தா நாளையிலிருந்து எனக்கும் வேலை இல்லை, தெரியுமில்ல?"

நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன். மூன்று மணிக்கு ஆட்டம் ஆரம்பம், ஊசி மூன்று மணி நேரம் தாங்கும், ஆட்டம் தாராளமாக முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். போதும் என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றினதை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. மகள் புருஷன் காலை வைத்து மணிக்கணக்குப் பார்க்கிற மனுஷன் நான்.

கிளப் ஆபீஸ் போனை எடுத்தேன். மகளைக் கூப்பிட்டேன்.

"கிளம்பிட்டேன்பா," என்றாள். "என்ன, சீட் பிடிச்சுட்டீங்களா?"

"நான் சொன்னது தப்பும்மா. அவர் ஓடல. சேத்தைக் கையால அள்ளிப் பூசியிருக்காரு."

பஸ் ஹாரன் சத்தத்தைத் தாண்டி அவள் குரல் வந்தது.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

பொய் சொல்ல இடம் இருந்தது. இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம்.

"நேத்து காலைல."

"நேத்து காலைலயா? நேத்து சாயங்காலம் நான் போன் பண்ணினேனே. லீவு போட்டேன்னு சொன்னேனே. ஏழாவது வரிசைன்னு சொன்னீங்களேப்பா!"

"டீம்..." என்று ஆரம்பித்தேன். போனை வைத்துவிட்டாள்.

அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தாள். வராந்தாவில் நின்ற என்னைத் தூணைத் தாண்டுகிறமாதிரி தாண்டிப் போனாள். ஆம்பிளைகள் உடை மாற்றுகிற அறை என்று காவல்காரர் கையை நீட்டித் தடுத்தார். "மாத்திக்கட்டும், எனக்கு ஒண்ணுமில்லை," என்று சொல்லிக் கையைத் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது. முதலில் மாப்பிள்ளையின் குரல் உயர்ந்தது. பிறகு கோச்சின் குரல். பிறகு அவள் குரல் மட்டும், தாழ்ந்து, நிற்காமல். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை கேட்டது, மாப்பிள்ளை சொன்னது: "உங்க அப்பாவா சொன்னாரு?"

இரண்டே முக்காலுக்கு ஒலிபெருக்கியில் ஆட்டக்காரர் பட்டியல் வாசித்தார்கள். நாலாம் நம்பர் இல்லை. அந்த இடத்தில் எப்போதும் பெஞ்சிலேயே இருக்கிற ரிசர்வ் ஆள் ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். நாற்பதை நெருங்குகிற ஆள், தொப்பை வேறு. மேற்குப் பக்கம் முழுக்க ஊளையிட்டார்கள்.

"என்ன பெரியவரே?" இஸ்திரிக்காரர் என் தோளை உலுக்கினார். "உங்க மாப்பிள்ளை பயந்து பின்வாங்கிட்டாரா?"

"அவரு பயப்படல. நான்தான் சொல்லி நிறுத்தினேன்."

"நீங்களா? எதுக்கு?"

"கால் போயிடும்யா."

முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் என்னோடு இருபது வருஷமாக வெயிலில் உட்கார்ந்தவர். "இதை நேத்தே சொல்லியிருந்தா கோச் வேற ஏற்பாடு பண்ணியிருப்பாரே. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதா சொல்லுவீங்க?" என்றார். சொன்னதும் தப்பு, சொல்லாமல் வைத்திருந்ததும் தப்பு. இஸ்திரிக்காரர் என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

மகள் வந்து எங்களுக்கு மூன்று வரிசை கீழே தனியாக உட்கார்ந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு. மாப்பிள்ளை கோட்டுக்கு வெளியே, சாதாரணச் சட்டையில், பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

விசில் ஊதினார்கள். நான் வழக்கம்போல எழுந்து நின்றேன். கத்த வரவில்லை. முதல் ஐந்து நிமிஷம் பந்து எங்கள் பாதியை விட்டு வெளியே போகவில்லை. கீப்பர் வீங்கின கையைத் தூளியில் போட்டவர்போல மார்போடு ஒட்டிவைத்துக்கொண்டு மற்ற கையால் இரண்டு பந்தைத் தட்டிவிட்டார். தொப்பைக்காரர் பாவம், அங்கும் இங்கும் ஓடினார், ஓட ஓடத் தண்ணீர் கேட்டார். தாங்கிவிடுவோமோ என்று ஒரு நிமிஷம் ஆசை வந்தது.

ஒன்பதாவது நிமிஷம் அவர்களுக்குக் கார்னர் கிடைத்தது. பந்து உயரமாக வளைந்து வந்தது. கோலுக்கு முன்னால், சரியாக மாப்பிள்ளை நிற்கிற இடத்தில், யாருமே இல்லை. காலியான புல். அவர்கள் ஆள் ஒருத்தன் நின்ற இடத்திலிருந்தே தலையால் தட்டினான். வலை அசைந்தது. எதிர்ப் பக்கம் கொட்டகை அதிரக் கத்தினார்கள். எங்கள் பக்கம் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை.

வாயை மூடியிருந்திருக்கலாம் என்று நினைத்தேன். அந்த ஒரு நொடி, முழு மனசோடு நினைத்தேன். அந்தப் போனை எடுக்காமல் இருந்திருக்கலாம். ஊசி போட்டிருப்பார்கள். அந்தப் பந்தை அவர் தூக்கி அடித்திருப்பார்.

அதே நொடியில்தான் மகள் திரும்பினாள். வந்ததிலிருந்து முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். பந்தையும் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை. என் முகத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். முகத்தை மாற்றிக்கொள்ள எனக்கு நேரம் இருக்கவில்லை.

பார்த்து முடித்துவிட்டு எழுந்தாள். படி இறங்கி, பெஞ்சுக்குப் போய், மாப்பிள்ளையின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு அவரை எழுப்பினாள். இரண்டு பேரும் கோட்டோரமாக மெதுவாக வாசலை நோக்கி நடந்தார்கள். ஆட்டத்தில் இன்னும் எண்பத்தொரு நிமிஷம் பாக்கி இருந்தது. அவர்கள் பின்னால் ஓட வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் ஏழாவது வரிசையில் நின்றுகொண்டே இருந்தேன்.